நந்தன் இறங்கிய தீ: குரு சீட உரையாடல்

சீடன்: தில்லைக் கோயிலுக்குள் போகுமுன் நந்தனார் தீயில் இறங்க வேண்டியிருந்தது. அவர் செய்த குற்றம் என்ன, ஐயா?

குரு: குற்றம் என்று எதையும் சேக்கிழார் சொல்லவில்லை. தொண்டர்களை வரிசையாகப் போற்றிய சுந்தரர் அவர் பெயரை மட்டும் சொல்லிப் போனார். நம்பியாண்டார் நம்பி சற்று விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணம்தான் அதை முழுக்கதையாக்கியது. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அப்படிப்பட்டவரின் கண் நந்தனாரின் ஆதனூர்ச் சேரிக்குள் எப்படிப் போகிறது என்று பார். பழங்கூரையின் மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. மருத மர நிழலில் சிறு தோலை விரித்து உழத்தி குழந்தையைத் தூங்க வைக்கிறாள். கையில் இரும்பு வளை போட்ட சிறுவர்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டியின் குரைப்பை அவர்கள் இடுப்பு மணியின் ஓசை அமுக்கிவிடுகிறது. தொலைவில் நின்று எழுதியவருக்கு இது வராது.

சீடன்: இவ்வளவு அருகில் போனவர் கோயில் வாசலில் ஏன் தீ மூட்டினார்?

குரு: கதையில் மூட்டச் சொல்பவர் இறைவன். நந்தனாரின் கனவிலும் வருகிறார், தில்லைவாழ் அந்தணர்களின் கனவிலும் வருகிறார். ஆக, தீ கேட்டது யார் என்ற கேள்விக்கு மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தீயிலிருந்து எழுபவர் பூணூல் அணிந்த முனிவர். கோயில் வழக்கம் கொஞ்சமும் அசையவில்லை, வந்தவர்தான் மாறினார். திருப்புன்கூர்க் கோயிலில் நடந்ததோ வேறு. அங்கே நந்தி விலகி வழிவிட்டது, நந்தனார் எப்படி வந்தாரோ அப்படியே நின்று கும்பிட்டார். உள்ளே போகவில்லை, வெளியிலிருந்துதான் பார்த்தார். ஆனாலும் மறைத்தது நகர்ந்தது. ஒரே புராணத்தில் இப்படி இரண்டு விடை இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பெரிதாகக் கொண்டாடியது தில்லைத் தீயை.

சீடன்: நந்தன் என்றால் ஊருக்கு நினைவு வருவது அவரைத் தில்லைக்குப் போகவிடாத வேதியர் அல்லவா?

குரு: சேக்கிழாரிடம் அந்த வேதியர் இல்லை. அங்கே நந்தனார் ஊர் விட்ட நிலத்தின் விளைச்சலை உரிமையாக உண்பவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பவர். வேதியரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவருக்கு மிராசுதாரையும் பண்ணையாளையும் ஏட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு 1843-இல் சொல்லியாயிற்று. பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது 1861-இல். இடைப்பட்ட காலத்தில் காவிரிப் படுகையில் பண்ணையாளின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. பழைய பக்திக் கதைக்குள் எசமான், வேலை, உத்தரவு மூன்றும் நுழைந்தது அப்படித்தான்.

சீடன்: நாற்பது வேலி நிலத்தை உழுது பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவகணங்கள் ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. இதில் உழைப்பாளியின் முறையீடு காணாமல் போகவில்லையா?

குரு: போகத்தான் செய்கிறது. நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கு மேல். முடியாத வேலையைச் சொன்னவரின் கொடுமையைக் காட்டிய பாரதியார், தீர்வைப் பூதங்களிடம் விட்டுவிட்டார். ஆனால் அடுத்து வருவதை மறக்காதே. விளைந்த பயிரைக் கண்ட வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகிறார். 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையில் ஒரு பிராமணர் இதை எழுதி, ஊர் ஊராகப் பாடவும் செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பாரதியாரைப் பல முறை அலையவிட்டார். இலக்கணப் பிழைகள் காரணம் என்று உ.வே.சாமிநாதையர் எழுதுகிறார். கடைசியில் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடியதைக் கேட்டு மனம் கரைந்து பாயிரம் கொடுத்தார். புலவரை இசை வென்றது. அந்த வெற்றியில் ஓர் ஆபத்தும் இருந்தது. சபாக்களில் பாட்டு தங்கியது, பண்ணை மறைந்தது.

சீடன்: அப்படியென்றால் பக்தி சமத்துவம் தந்தது என்பது பொய்யா?

குரு: பொய் என்று ஒரே சொல்லில் தள்ளாதே. அம்பேத்கர் இதை இரண்டு பக்கமும் பார்த்தார். சாதி ஒழிப்பு நூலை ஒட்டிக் காந்திக்கு அவர் எழுதிய மறுமொழியில், அருளாளர்கள் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பேசினார்களே தவிர மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நடக்கும் போராட்டத்தைப் பேசவில்லை என்று சாடினார். அதே அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். இதை முரண் என்பவர்கள் உண்டு. அது மேலோட்டமான வாசிப்பு. நந்தனாரின் பெருமையை அவர் மறுக்கவில்லை. ஒருவர் பெருமை பெற்றதைக் காட்டி மற்றவர்களைச் சேரியிலேயே இருத்தும் தந்திரத்தைத்தான் மறுத்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி நடத்தியபோது, அந்தப் பெயர் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

சீடன்: நவீன எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்?

குரு: தீயை நம்ப மறுத்தார்கள். புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ கதை முடிவில் ரயில் வருகிறது. சேரிக் கிழவனையும், அவனைக் காப்பாற்ற ஓடிவரும் அவன் மகனையும், அக்கிரகாரத்து இளைஞனையும் சேர்த்து அடித்துவிடுகிறது. அங்கே யாரும் முனிவராக எழுவதில்லை. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ, மேல்சாதியார் கூடிச் செய்யும் சூழ்ச்சி. சேக்கிழார் கனவில் மறைத்து வைத்த பொறுப்பை அவர் மேடைக்கு இழுத்து வந்தார்.

சீடன்: பொதுவாழ்வில் வாசல் திறந்ததே?

குரு: திறந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தீண்டப்படாதவர் எனப்பட்டோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். தீக்குளிக்கச் சொல்ல எவராலும் முடியவில்லை. 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. வாசல் வழக்கு ஒருவாறு முடிந்தது. வயல் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது.

சீடன்: அதன் பிறகாவது பண்ணை எசமானர்கள் இறங்கி வந்தார்களா?

குரு: 1968 டிசம்பர் 25 இரவு, அதே காவிரிப் படுகையில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்திருந்த சேரியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலக்காரர்களைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் உடைய பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.