பிள்ளைக்கு ஒரு மூலை

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. தலைமை தாங்க வந்த பெரியவர் எழுந்து, தாம் குப்பி விளக்கின் ஒளியிலே படித்து முன்னுக்கு வந்த கதையைச் சொல்வார். மேசை இல்லை, கதிரை இல்லை, மின்சாரம் இல்லை. இருந்தது மனவுறுதி ஒன்றே என்பார். பெற்றோர் கண் கலங்குவர், பிள்ளைகள் கைதட்டுவர். கதை பொய்யன்று, பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும் அந்த மெய்யிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளும் முடிவு நேர்மையானதா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

அந்த முடிவு யாதெனில், "படிக்க விரும்பும் பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும்" என்பது. கேட்பதற்கு இது பிள்ளையைப் புகழ்வதுபோல் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேர் விடுதலை பெற்றுவிடுகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டைக் கட்டியவனுக்குக் கடமை இல்லை, கூலி கொடுப்பவனுக்குக் கடமை இல்லை, ஆட்சிக்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் தலைமீது மாத்திரம் முழுப் பொறுப்பும் இறங்குகிறது. தேர்ச்சியடையாத பிள்ளை விரும்பாத பிள்ளை என்றாகிவிடுகிறது.

1990 இல் தொடங்கிய போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அதை நனைக்குமளவு எண்ணெய், ஒரு திரி, அவ்வளவே. அந்தச் சிறு சுடரைச் சுற்றிப் பிள்ளைகள் குனிந்திருந்து படித்தனர். அவ்விளக்கில் படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனோர் பலர். அவர்கள் இன்று தம் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லும்போது அவர்களுடைய பெருமிதத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அதே விளக்கின் முன்னிருந்து, கண் எரிந்து, தலை வலித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களை எந்தப் பரிசளிப்பு விழாவுக்கும் யாரும் அழைப்பதில்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் தோணி நல்ல தோணி என்று தீர்ப்பளிப்பது கணக்காகுமா?

இந்நாட்டு அறுவை வைத்தியர் ஒருவருடைய செயலை இங்கு நினைவுகூர்தல் தகும். விஜய கொடகும்புர என்பார், குப்பி விளக்குகள் சரிந்து தீப்பற்றியதால் எரிகாயமுற்று வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். ஏழைகள் வீட்டில் விளக்கென்பது எறிந்துவிட்ட போத்தலோ மருந்துக் குப்பியோதான். உயரமானது, இலேசானது, கை பட்டால் விழுவது, விழுந்தால் உருள்வது. அவர் குள்ளமான, கனத்த, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு கண்ணாடி விளக்கை உருவாக்கினார். எளிதில் சரியாது; சரிந்தாலும் உருளாது; எண்ணெய் சிந்தாது. மார்மைட் போத்தலின் வடிவமே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. 1998 இல் இம்முயற்சிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நாம் இதிற் கற்கவேண்டியது ஒன்றுண்டு. "விளக்கைக் கவனமாகக் கையாளுங்கள்" என்று ஏழைகளுக்கு உபதேசம் செய்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உபதேசத்தோடு நில்லாது போத்தலை மாற்றினார்.

குப்பி விளக்கின் காலம் போய்விட்டது, இன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் மின்சாரம் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். 2022 ஆம் ஆண்டை அவர்கள் அதற்குள் மறந்துவிட்டனர் போலும். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. நெருக்கடி வந்தபோது பிள்ளையின் ஒளிதான் முதலில் அணைந்தது.

ஒளி இருந்தாலும் இடம் வேண்டும். மலையகத்து லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்து பார்ப்போம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. உறக்கமும் உடுப்பும் நோயும் விருந்தும் அந்த ஓர் அறைக்குள்ளேதான். அடுப்புப் புகை அங்கேயே சுழல்கிறது. பக்கத்துக் காம்பராவில் நடக்கும் பேச்சு இங்கே கேட்கிறது. மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சலில் ஆசிரியர் சொல்லித் தந்த வாய்ப்பாடு பிள்ளையின் காதிலேயே நிற்காது.

இவ்வமைப்பு கோப்பிக் காலத்தில் எழுந்து தேயிலைக் காலத்தில் வேரூன்றியது. எந்தக் கட்டடமும் அதைக் கட்டியவனுடைய எண்ணத்தைத் தாங்கி நிற்கிறது. தொழிலாளி இரவில் உறங்கவேண்டும், விடியலில் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும் என்ற எண்ணமே லயத்தைக் கட்டியது. அங்கே பிறக்கும் பிள்ளை ஒரு நாள் புத்தகம் விரிக்கும் என்று அந்த வரைபடத்தைப் போட்டவன் நினைக்கவேயில்லை. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியே என்ற தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் எழுதப்படுமுன்னரே சுவரில் எழுதப்பட்டுவிட்டது.

கல்வி இலவசமாயிற்றே என்பர். ஆம், கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945 இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீங்கியது. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993 இல் சீருடைத் துணி இலவசமாயிற்று. இவ்வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு கட்டத்திலும், அதுவரை குடும்பத்தின் சொந்தப் பிரச்சினை என்று கருதப்பட்ட ஒன்று, சமுதாயத்தின் கடமை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சம்பளம், புத்தகம், சட்டை என்று இப்படியே வந்து, பிள்ளை அந்தப் புத்தகத்தை விரிக்கும் ஆறு சாண் இடத்தின் வாசலில் நாம் நின்றுவிட்டோம்.

பாடசாலை பிற்பகலில் மூடிவிடுகிறது. ஆனால் வீட்டுப்பாடம் கொடுத்தே பிள்ளையை அனுப்புகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை மாலை நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. எல்லோர் வீட்டிலும் ஒரு மேசை இருக்கிறதென்ற பொய்யான அனுமானத்தின்மீதுதான் இந்தப் போட்டி முழுவதும் நடைபெறுகிறது. 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு வீடே வகுப்பறையானபோது இப்பொய் வெளிச்சத்துக்கு வந்தது. சில பிள்ளைகள் தத்தம் அறையிலிருந்து பாடம் கேட்டனர். வேறு சிலர் கைபேசிக்கு அலை தேடி மேடுகளிலும் பாறைகளிலும் ஏறினர். அந்தப் படங்களைப் பார்த்து நாம் "என்ன ஆர்வம்!" என்று வியந்தோம். வெட்கப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

படிக்கும் இடம் என்றால் கடையில் விற்கும் அலங்கார மேசையையும் சுழலும் கதிரையையும் நாம் கருதவில்லை. அதற்கு வேண்டியவை மிகச் சில. முதலாவது, ஒளி. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு அது இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இல்லையேல் தன் கையின் நிழலே எழுத்தை மறைக்கும். இடக்கைப் பிள்ளைக்கு மறுபுறமிருந்து. அருகிலுள்ள சுவருக்கு வெள்ளையடித்தால் உள்ள ஒளி பெருகும். இரண்டாவது, ஒரு சமதளம். முழங்கை இயல்பாக மடிந்து தங்கும் உயரத்தில் ஒரு பலகை. பாதம் நிலத்திலோ ஒரு கட்டையிலோ ஊன்றியிருக்கவேண்டும். சுவரில் இரண்டு பிணைச்சல்களால் பொருத்திய பலகையை இரவில் மடித்துவிட்டால் பாய் விரிக்க இடம் கிடைக்கும். மலைநாட்டு ஈரத்துக்கும் எலிக்கும் எட்டாமல் புத்தகங்களை வைக்க ஒரு சிறு தட்டு. மூன்றாவது, குறுக்கீடு இல்லாத ஒரு மணி நேரமாவது. இந்த மூன்றாவதே மூன்றிலும் அரிது.

ஏனெனில் ஒளியையும் பலகையையும் பணம் தரக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ள மனிதரே தரவேண்டும். அதைத் தருவதென்றால் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்கவேண்டும். தந்தை தொலைக்காட்சியின் ஓசையைக் குறைக்கவேண்டும். அண்ணன் மேசையின் பாதியைத் தங்கைக்கு விடவேண்டும். "பிள்ளை, அந்தத் தண்ணியைத் தூக்கி வா" என்று அழைக்கும்போது அந்தப் பிள்ளை எப்போதும் பெண்பிள்ளையாகவே இருக்கிறாளே, அது ஏன் என்று வீட்டார் தம்மைத் தாமே கேட்கவேண்டும். ஒரே வீடு, ஒரே விளக்கு, ஒரே பலகை. ஆயினும் மகன் இரண்டு மணி நேரம் தொடர்ந்து படிக்கிறான், மகள் அதே இரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை எழுந்திருக்கிறாள். பின்பு அவளுக்குக் கணக்கு வராது என்று சொல்கிறோம். வெளியே சமுதாயம் ஏழைக்குச் செய்வதை, உள்ளே நாமே நம் மகளுக்குச் செய்கிறோம்.

வசதியுள்ள வீடுகளின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. வருடத்தில் சில நாள் வரும் விருந்தினருக்கென நல்ல கதிரைகள் போட்ட மண்டபம் ஒன்று திறந்து கிடக்கிறது. நாள்தோறும் படிக்கும் பிள்ளைக்குக் கட்டிலின் ஓரம். கண்ணாடி அலுமாரிக்குள் ஒருபோதும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகளுக்கு மூன்று தட்டுகள். புத்தகங்களுக்கு ஜன்னற் குந்து. ரியூசனுக்கு மாதந்தோறும் காசு கட்டுகிறோம். வீட்டில் மௌனத்தைக் கொடுக்க மறுக்கிறோம்.

தனி மூலை கேட்கும் பிள்ளை தன்னலக்காரனாகிவிடும், நம் மரபில் திண்ணையில் எல்லோரும் கூடியிருந்தே படித்தனர் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு போட்டிக்காக மட்டும் படிக்கும் பிள்ளையை உருவாக்குவது நம் நோக்கமன்று. நான்கு பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றியிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது அழகிய காட்சியே. ஆனால் கூடியிருப்பது வேறு, நெருக்குண்டு கிடப்பது வேறு. திண்ணையில் கூடியவர் விரும்பிக் கூடினர். தனியே சிந்திக்கவேண்டின் எழுந்து போகவும் அவர்களுக்கு வழியிருந்தது. லயத்துப் பிள்ளைக்குப் போக இடமில்லை. தேர்ந்தெடுக்க முடியாத கூட்டத்தைக் கூட்டுறவு என்று புகழ்வது, பட்டினியை விரதம் என்று புகழ்வதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் வழி என்ன? வீடு முதலாவது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் மலையகத்தில் தொடங்கியிருக்கிறது. 2017 இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். ஆயினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் அடுப்புக்கும் கழிவறைக்கும் இடம் குறிப்பதுபோல், ஜன்னலோரத்தில் ஒரு படிப்புப் பலகைக்கும் இடம் குறிக்குமாறு நாம் கோரவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கோடு போதும்.

வீடு வரும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. அதன் வயது காத்திருப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவும் பாடசாலை மண்டபமும் வேலை முடிந்தபின் பூட்டிக் கிடக்கின்றன. ஊர்களில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உள்ளன. அவற்றின் கதவுகளை மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்து, விளக்கேற்றி, பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்துபோகத் துணையும் ஏற்பாடு செய்தால், அதுவே நூறு மேசைகளுக்குச் சமம். இதைத் தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்துக் கேட்கட்டும். பிள்ளையின் படிப்பிடம் கூலிக்குப் புறம்பான காரியமன்று. நாளையக் கூலியை நிர்ணயிப்பதே அதுதான்.

இவை யாவற்றையும் சொல்லியபின் மீண்டும் அந்தக் காம்பராவுக்கே திரும்புகிறோம். அவ்வளவு நெருக்கடியிலும் அங்கே சாமி படத்துக்கென ஒரு தட்டு இருப்பதைக் காண்கிறோம். அதன் முன்னே யாரும் காலை நீட்டுவதில்லை. அதன்மேல் யாரும் துணியைத் தொங்கவிடுவதில்லை. எவரும் காவல் நிற்காமலே அந்த இடம் காக்கப்படுகிறது. புனிதமென்று நாம் மனமார நம்பும் ஒன்றுக்குப் பத்தடி அறையிலும் இடம் ஒதுக்க மனிதரால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தக் குடும்பம் தன்னால் இயன்றதைச் செய்து காட்டியிருக்கிறது. அந்த அறையைப் பத்தடியாகவே வைத்திருக்கும் சமுதாயந்தான் இன்னும் தன் பங்கைச் செய்யவில்லை.

அடுத்த பரிசளிப்பு விழாவில் அந்தப் பெரியவர் குப்பி விளக்கைப்பற்றிப் பேசும்போது நாமும் கைதட்டுவோம். பின்பு எழுந்து, இவ்வூரில் இன்றிரவு எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை என்று கேட்போம்.