கொல்லாமையோடு முடிகிறதா நம் கடமை?

சிவாலய வழிபாட்டை நிறைவு செய்யும் அடியார்கள் சண்டேசுவரர் சந்நிதியில் நின்று மெதுவாகக் கைதட்டி, வழிபாட்டின் பலனை வேண்டி வீடு திரும்புவது நாமெல்லாம் அறிந்த முறையே. அப்பெருமான் அவ்விடத்தைப் பெற்ற வரலாறு ஒரு மாட்டுக்கு விழுந்த அடியில் தொடங்குகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் அந்தணச் சிறுவர், முட்ட வந்த பசுவை மேய்ப்பன் கோலால் அடிக்கக் கண்டார். தடுத்தார். தடுத்ததோடு நின்றுவிடாமல், இனி இந்த நிரையை நானே மேய்ப்பேன் என்று ஊரவர் சம்மதத்துடன் அந்தப் பொறுப்பையும் ஏற்றார். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் இதனை விரிவாகவே பாடியுள்ளார்.

தடுப்பது ஒன்று, பொறுப்பேற்பது மற்றொன்று. சைவ மக்களாகிய நாம் முதலாவதில் காட்டும் வேகத்தை இரண்டாவதிலும் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி.

ஆலயங்களில் உயிர்ப்பலி கூடாது என்ற குரல் நம்மிடையே புதிதன்று. 2011ஆம் ஆண்டு சிலாபம் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் ஆடுகளையும் கோழிகளையும் பலியிடுவது தடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் அதுபற்றிப் பேசப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பலியை எதிர்த்தவர்களோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் பலியிலிருந்து தப்பிய ஆடு அதன்பின் எங்கே போனது, யார் அதற்குக் குழை ஒடித்துப் போட்டார்கள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாவலர் பெருமான் பாலபாடத்தில் கொலையைப் பற்றி ஒரு பாடமும், பசுக்காத்தல் என்று வேறொரு பாடமும் வைத்தார். இரண்டும் ஒன்றே என்று அவர் கருதியிருந்தால் ஒரு தலைப்புப் போதுமே! கொல்லாதிருப்பதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். காப்பதற்கோ காலையில் எழும்ப வேண்டும்.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலின்போது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களுக்குள் செத்து விழுந்தன. கடுங்குளிரே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அது சரிதான். எனினும் குளிர் மட்டுமா? மார்கழி என்றால் பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கும் காலம். பயிருக்குள் புகாதபடி மாடுகளைக் காட்டோரத்துக்கும் குளக்கட்டுக்கும் விரட்டிவிடுகிறோம். அங்கே புல் வெள்ளத்தில் கிடக்கும். ஒதுங்க ஒரு கொட்டில் கிடையாது. வயிறு காய்ந்து எலும்பு தெரிய நிற்கும் மாட்டுக்கு ஓர் இரவுக் குளிரே போதும். எந்தக் கத்தியும் படாமல், எந்தக் கொலைகாரனும் இல்லாமல் இறந்த இந்த உயிர்களின் கணக்கை யார் பேரில் எழுதுவது? முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க எழுதுவினைஞராகப் பேரேடு எழுதியவன் என்பதால் இப்படித்தான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பட்டிக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மேய்ச்சல் தரை வருடா வருடம் சுருங்குகிறது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் அமர்ந்தது இந்தத் தரைக்காகவே.

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியபோது நம்மவர் பலர் மகிழ்ந்தனர். அதே தீர்மானத்தில், உழைக்க முடியாத வயதான மாடுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்றும் இருந்தது. அந்த வரியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நம் மாவட்டத்தில் மூவின மக்களும் வாழ்கிறோம். அயலவரின் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்ப்பதற்கு முன், லொறியில் கால் மடங்க நெருக்கி ஏற்றப்படும் நாம்பனை விற்றவர் யார் என்று பார்க்க வேண்டும். பல வேளைகளில் தைப்பொங்கலுக்கு மறுநாள் அதே நாம்பனுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டவர்தான் விற்றிருப்பார். அவரும் கடனுக்காகவே விற்கிறார். பால் தராத, ஏர் இழுக்காத மாட்டை அவர் எதைக் கொண்டு வளர்ப்பார்? தடை கேட்பவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரர் காலத்து 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அதில் எழுதப்பட்ட உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா! இன்று அந்தக் காசுக்கு ஒரு லீற்றர் பசும்பாலும் கிடைக்காது. புதிய சட்ட வரைவொன்றை 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்துக் கொடுத்தது.

பால் என்றதும் நம் ஆலயமே நினைவுக்கு வருகிறது. திருவிழாக் காலத்தில் குடம் குடமாகப் பாலாபிஷேகம் செய்கிறோம். விசாரசருமர் மேய்த்த பசுக்கள் கன்றுக்கும் உடையவருக்கும் குறைவில்லாமல் கொடுத்து, அதன்பின்னும் தாமாகவே சொரிந்த பாலைத்தான் அவர் மணலிலிங்கத்துக்கு ஆட்டினார். நாம் ஆட்டும் பாலில் கன்றின் பங்கு எவ்வளவு என்று உபயகாரர் பால் கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். நேர்த்திக்கடனுக்குக் கன்றைக் கொண்டுவந்து வீதியில் அவிழ்த்துவிட்டுப் போகும் அடியார்களிடமும் ஒரு வேண்டுகோள்: அது கோதானம் ஆகாது. அந்தக் கன்று சந்தையடியில் பொலித்தீன் தின்று திரிகிறது. கன்றோடு ஒரு வருடத் தீவனச் செலவையும் சேர்த்து ஒப்படைத்தால் பராமரிக்க ஆள் தேடலாம்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலிலே கொளுத்தப்படும் வைக்கோலைச் சேர்த்து, அடுத்த மாரிக்கென ஆலயத்தின் பின்வீதிக் காணியில் போர் வைக்கலாம் என்பது என் யோசனை. பரிபாலன சபையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முன்வைக்க இருக்கிறேன். வைக்கோல் தரக்கூடிய வயற்காரர்களும், ஏற்றிவர உழவு இயந்திரம் தரக்கூடியவர்களும் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயரைப் பதிந்தால் வசதியாக இருக்கும்.