சம்மதம் கூறாத உயிர்

பெண் முயலின் கருப்பையை அகற்றுவிப்போர் அதன் நன்மை கருதியே அவ்வாறு செய்கின்றனர். வயது முதிர்ந்த பெண் முயல்கள் பலவற்றைக் கருப்பைப் புற்றுநோய் பற்றுவதுண்டு. ஆனாற் சத்திரசிகிச்சையின் பின் நோவினால் அது உணவை மறுப்பின் குடலியக்கம் தளரும். புழுக்கைகள் சிறுத்து, பின் நின்றுபோகும். ஒரு நாட் பட்டினியே உயிருக்கு ஆபத்தாகலாம். விலங்கின்பாற் காட்டவேண்டிய நீதிக்குத் துன்புறும் ஆற்றலையே பெந்தம் 1789இல் அளவுகோலாக்கினார். வேட்டையாடப்படும் இனமாகிய முயலோ துன்பத்தை மறைக்கும். நாளைய நோயைத் தவிர்க்க இன்றைய நோவை ஏற்கும் மனிதன் அந்த நாளையை அறிவான், முயல் அறியாது. அதன் சம்மதமின்றித் தீர்மானித்தவர் அது மறைக்கும் நோவைத் தேடிக் கண்டறியவும் கடமைப்பட்டவராகிறார். முயல் வீடு திரும்பியபின் அக்கடமையை மிருக வைத்தியரிடம் விட்டுவிட இயலாது. நள்ளிரவிற் புழுக்கைகளை எண்ணுபவரை அயலார் நகைக்கலாம்; எண்ணாதவர் காலையிற் காண்பது குளிர்ந்த உடலாகவும் இருக்கலாம்.