இராக்கணக்கு



தெருக்கோடியில் பெட்டிக்கடை வைத்திருப்பவனும் இரவில் கதவைச் சாத்துமுன் அன்றைய வரவு செலவைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறான். பத்து ரூபாய் குறைந்தால் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. நாமோ, நமது ஆத்துமத்தின் கணக்கை வருஷத்துக்கு ஒரு முறை, பாஸ்குக் காலத்தில், பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை வரிசையில் நிற்கும்போது அவசரமாய்ப் புரட்டிப் பார்க்கிறோம். பிறகு, "சாமி, பெரிய பாவம் ஒன்றுமில்லை" என்கிறோம். கணக்கே பார்க்காதவனுக்கு நஷ்டம் எப்படித் தெரியும்?

அர்ச். இஞ்ஞாசியார் எழுதி, 1548-ம் ஆண்டில் மூன்றாம் சின்னப்பர் பாப்பானவர் அங்கீகரித்த ஞான முயற்சிகள் என்னும் நூலில், ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் காட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, நம் பாவங்களை அறியவும் அவற்றைத் தள்ளிவிடவும் வரப்பிரசாதம் கேட்பது. மூன்றாவது, எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி நம் நினைவு, சொல், செயல்களை விசாரிப்பது. நான்காவது, மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, தேவ உதவியால் திருந்தப் பிரதிக்கினை செய்து, பரலோக மந்திரத்தோடு முடிப்பது.

நன்றி ஏன் முதலில் வருகிறதென்று யோசியுங்கள். வாங்கியது இன்னதென்று அறிந்தவனுக்கே, தான் எவ்வளவு கடன்பட்டவன் என்பது விளங்கும்.

மூன்றாம் படியில்தான் அநேகர் வழுக்கி விழுகிறோம். நம்மை விசாரிக்க உட்கார்ந்து பிறரை விசாரிக்கிறோம். "கோபப்பட்டேன், ஆனால் மருமகள் அப்படிப் பேசினாள்" என்கிறாள் மாமியார். "குடித்தேன், வீட்டில் நிம்மதியில்லை" என்கிறான் கணவன். தாவீது இராசாவின் காரியம் நமக்குத் தெரியுமே. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, இராசா கோபத்தால் கொதித்து, அவன் சாகவேண்டியவன் என்று தீர்ப்பிட்டான். அந்த மனிதன் தானே என்று தீர்க்கதரிசி எடுத்துச் சொல்லும் வரையில் அவனுக்குத் தெரியவில்லை. பிறர் குற்றத்தில் அவ்வளவு கூர்மையான கண், தன் குற்றத்தில் குருடாயிருந்தது! ஆனால் தெரிந்தவுடனே தாவீது சாக்குச் சொல்லவில்லை, பாவத்தை ஒத்துக்கொண்டான். அங்கேதான் அவனுடைய மீட்பு தொடங்கிற்று.

ஐந்தாம் படியை மேலோட்டமாய் விட்டுவிடாதீர்கள். "இனி நல்லவனாயிருப்பேன்" என்பது பிரதிக்கினையாகாது. நாளைக்குச் செய்யக்கூடியது எதுவோ அதுவே பிரதிக்கினை. வேலைக்காரியின் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறாயா? நாளைக் காலையில் கொடு. வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சில்லையா? காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி சேசுநாதர் கற்பித்திருக்கிறாரே. அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்க மனமில்லாதவன், எத்தனை முறை தொட்டியண்டை முழங்காலிட்டாலும் மெய்யான மனஸ்தாபம் உள்ளவனாகான்.

ஆயினும் சிலர் தங்கள் பாவங்களைத் தோண்டித் தோண்டிக் கலங்குகிறார்கள். இஞ்ஞாசியாரும் மன்ரேசாவில் இப்படிப்பட்ட மனக்கலக்கத்தால் வெகுவாய் வதைபட்டவரே. அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஆத்தும குருவுக்குக் கீழ்ப்படிந்து, மன்னிக்கப்பட்டதை மன்னிக்கப்பட்டதாகவே விட்டுவிடக்கடவார்கள். சோதனை செய்வது தகப்பனிடம் திரும்புவதற்கே. தூரத்தில் வரும் மகனைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட தகப்பன் அவர்.

ஆகையால் பெற்றோர்களே, இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதேயுங்கள். விளக்கைத் தணித்து, ஐந்து நிமிஷம் எல்லாரும் மௌனமாயிருங்கள். பிறகு உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். தகப்பன் தலை குனிவதைக் காணும் பிள்ளை, ஞானோபதேச வகுப்பில் கற்பதைவிட அங்கே அதிகம் கற்கும். என்றோ ஒரு நாள் பெரிய கணக்கு ஒன்று கேட்கப்படும். இரவுதோறும் சிறு கணக்கைத் தீர்த்து வைத்தவனுக்கு அந்நாளில் பயமிராது.

ஆமென்.