மோதிரம் யாருக்குச் சொந்தம்?



இந்த மாதமும் எழுப்புதலைக் குறித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆவியானவர் ஒரு சின்ன மோதிரத்தைக் கொண்டு என்னோடு இடைப்பட்டார். வெட்கத்தோடேதான் எழுதுகிறேன். இரு வீட்டாரின் சம்மதமும் வாங்கியிருக்கிறேன்; ஊரும் பேரும் சொல்லப்போவதில்லை.

நான் ஊழியம் செய்த ஒரு சபையில் ஒரு சகோதரிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. நம்மில் அநேகர் பொன் அணிகிறதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு சபையார் ஆனபடியால், அவர்கள் முறைப்படி ஒரு சவரன் மோதிரம் போட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் சகோதரி, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். காரணத்தைத் தன் தாயிடமும் என்னிடமும் மட்டும் சொன்னாள். நியாயமான காரணம்தான்.

மறுநாளே பையனின் தகப்பனார் வந்துவிட்டார். "பாஸ்டர், வேண்டாம்னு சொன்னது உங்க சபைப் பொண்ணு. எங்க மோதிரத்த வாங்கிக் குடுங்க" என்றார். பெண்ணின் தாயாரோ, "நாலு பேர் முன்னால தலைகுனிஞ்சது நாங்க. மண்டபத்துக்குக் குடுத்த அட்வான்சும் போச்சு. மோதிரத்த ஏன் குடுக்கணும்?" என்றார்கள்.

பிரியமானவர்களே, இது நீதிமன்றங்களையே அலைக்கழித்த கேள்வி. இங்கிலாந்தில் 1970-ல் வந்த சட்டப்படி, நிச்சயதார்த்த மோதிரம் முழுப் பரிசாகவே எண்ணப்படும். கல்யாணம் நடக்காவிட்டால் திரும்பத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தேன் என்று நிரூபித்தால்தான் கொடுத்தவருக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 70,000 டாலர் மோதிரம் ஒன்றுக்காக வழக்கு நடந்தது. 2017-ல் நிச்சயம் ஆயிற்று. பிறகு அந்த மனுஷர் பெண்ணின்மேல் சந்தேகப்பட்டு முறித்துவிட்டார். விசாரித்த நீதிபதி, சந்தேகம் தவறு, ஆகவே மோதிரம் பெண்ணுக்கே என்றார். ஆனால் 2024 நவம்பரில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், குற்றம் யார்மேல் என்று பார்க்கவே வேண்டாம், கல்யாணம் நடக்காவிட்டால் மோதிரம் கொடுத்தவருக்கே என்று தீர்த்தது. ஒரே கேள்வி, இரண்டு தேசத்தில் இரண்டு பதில்!

அப்படியானால் வேதம் என்ன சொல்கிறது? மோதிரம் யாருக்கு என்று ஒரு வசனமும் இல்லை. ஆனால் மனுஷரை எப்படி நடத்தவேண்டும் என்று இருக்கிறது.

1. ஆபிரகாமைப் பாருங்கள். அவருடைய ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன்னைக் கொடுத்தான். ஆனால் அவன் புறப்படுமுன்பே, பெண்ணுக்கு வர மனமில்லாவிட்டால் இந்த ஆணை உன்னைக் கட்டாது என்று ஆபிரகாம் அவனை விடுவித்திருந்தார் (ஆதியாகமம் 24:8). பொன் கொடுத்ததினாலே பெண்ணை விலைக்கு வாங்கிவிடவில்லை! கடைசியிலும் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டுத்தான் அனுப்பினார்கள்.

2. யோசேப்பைப் பாருங்கள். யூதருடைய முறைமையில் நிச்சயம் என்பது விவாகத்தைப்போலவே கட்டுகிற உடன்படிக்கை. தான் வஞ்சிக்கப்பட்டதாக அவன் எண்ணினான். ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்ணின் மானத்தைச் சந்திக்கு இழுக்காமல், சத்தமில்லாமல் விலகவே நினைத்தான் (மத்தேயு 1:19). வேதம் அவனைத்தான் நீதிமான் என்கிறது.

3. சகேயுவைப் பாருங்கள். யாரும் வழக்குப் போடவில்லை, இயேசுவும் கணக்குக் கேட்கவில்லை. இரட்சிப்பு வீட்டுக்குள் வந்தவுடனே, அநியாயமாய் வாங்கினது தானாகவே வெளியே வந்தது (லூக்கா 19:8).

இந்த மூன்று பேரையும் இருதயத்தில் வைத்து ஒருநாள் உபவாசித்து, இரு வீட்டாரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். பையனின் தகப்பனார் மறுபடியும் மோதிரம் என்று ஆரம்பித்தார். "ஐயா, மோதிரம் இருக்கட்டும். நிச்சயத்தன்னைக்கு நீங்க வாங்கின ரொக்கம்?" என்றேன். அறையில் சத்தமே இல்லை. அது வரதட்சணை, 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாங்குகிறதும் குற்றம், கொடுக்கிறதும் குற்றம். ஐயோ, அந்தப் பணம் இருந்த தாம்பாளத்தின்மேல் கைவைத்து ஜெபித்தது யார்? நான்தான்!

அப்பொழுது சகோதரி உள்ளே வந்து மோதிரத்தை மேஜையில் வைத்தாள். "இது எனக்கு வேண்டாம் பாஸ்டர். ஆனா எனக்கு ஒண்ணு திரும்ப வேணும்" என்றாள்.

"என்னம்மா?"

"என் பேரு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல என் காரியத்த ஜெபக்குறிப்புன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு யாரோடயோ பழக்கம்னு கதை ஆயிடுச்சு."

என் உள்ளான மனுஷன் உடைந்துபோனான். அந்த ஞாயிறு ஆராதனையில் பேரைச் சொல்லாமல் என் தவறை அறிக்கையிட்டு, சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். மோதிரம் அன்றே போயிற்று. ரொக்கம் மூன்று தவணையாக வந்து சேர்ந்தது. ஆனால் நான் அந்தச் சபையைவிட்டு வரும் நாள்வரைக்கும் அந்தச் சகோதரி கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். பொன்னைத் திரும்பக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். போன பெயரைத் திரும்பக் கொடுக்க ஒரு சபையே பிரயாசப்படவேண்டும்.

தேவபிள்ளையே, என் ஆலோசனை இதுதான். மோதிரத்தை வாங்கினவர்களே, காரியம் முறிந்தால் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர்களே, முறித்தது நீங்களானால் அதைக் கேட்டு அந்த வீட்டு வாசலில் நிற்காதிருங்கள். ரொக்கம் வாங்கியிருந்தால் முதலில் அது திரும்பட்டும். அதைவிட, வாங்காமலே இருங்கள்! ஜெபவீரர்களே, ஜெபக்குறிப்பு தேவனுடைய சமுகத்துக்கு மட்டும் போகட்டும். பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டாம்.

எழுப்புதல் வேண்டும் என்று கதறுகிறோமே, நம் வீட்டு அலமாரியில் பிறருடையது ஏதாவது இருக்கிறதா? நம் நாவினால் யாருடைய பெயராவது போயிருக்கிறதா? இன்றைக்கே எழும்பிப் போய்ச் சரிசெய்வோம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நிச்சயம் முறிந்த வீடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைப்பீராக. திரும்பக் கொடுக்கிற கையையும் காத்துக்கொள்ளுகிற நாவையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!