டிக்கியும் கற்படுக்கையும்

1996-ஆம் வருஷம் மே மாதத்தில், பள்ளிக்கூட விடுமுறையை உத்தேசித்து, நான், என் மனைவி, தாயார், இரண்டு குழந்தைகள் ஆக ஐந்து ஜீவன்கள் சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு எங்கள் மாருதி 800 காரிலேயே போய்வருவது என்று தீர்மானித்தபோது, அந்தப் பிரயாணம் என்னை ஒரு சமய விசாரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வண்டியை அறிந்தவர்களுக்கு அதன் கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் முதன்முதலாக வீதிக்கு வந்து, மத்தியதர வர்க்கத்தாரில் எத்தனையோ பேரை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றிவைத்த அந்த வாகனம், 796 சி.சி. எஞ்சினும், மூக்கிலிருந்து வால்வரை பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவான நீளமும் உடையது. பெரியவர்கள் நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் குழந்தையானால் மடியில் இடமுண்டு. பின்னால் டிக்கி என்று பெயருக்கு ஒன்று இருக்கிறதே, அதில் பெரிய சூட்கேஸ் ஒன்றைப் படுக்கவைத்துவிட்டால், அதற்குமேல் வைப்பதற்கு மிஞ்சுவது நம்முடைய சங்கற்பம் மட்டுந்தான்.

புறப்படுவதற்கு முந்தின இரவு கூடத்தில் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சூட்கேஸ்கள் இரண்டு, ஏர்பேக் ஒன்று, புளியோதரை கொண்டுபோக எவர்சில்வர் தூக்கு, தண்ணீர்க் கூஜா, ஃபிளாஸ்க், பாய், தலையணை இரண்டு, மருந்துப் பை, என் தாயாரின் மஞ்சள் துணிப்பை, இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. சாமான் அடுக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கனமானது அடியில், மெத்தென்றது சந்துகளில் என்ற சூத்திரத்தின்படி, மாவடு பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சூட்கேஸுக்கும் சக்கரத்தின்மேல் புடைத்திருக்கும் தகட்டுக்கும் நடுவிலே செருகி, குழந்தைகளின் துணிகளைச் சுருட்டிச் சுருட்டி இண்டு இடுக்குகளில் திணித்து, ஒரு மணி நேரத்தில் டிக்கியின் கதவை மூடுகிற நிலைக்கு நான் கொண்டுவந்தேன். வாளிக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. மூன்று தடவை அதை வெளியே எடுத்து வைத்தேன்; மூன்று தடவையும் அது திரும்பி வந்தது. "போற எடத்துல வாளி இருக்குமோ இருக்காதோ, நமக்கு என்ன தெரியும்?" என்றார் என் தாயார். கடைசியில் வாளிக்குள் தூக்கை இறக்கி, வாளியை முன்ஸீட்டின் காலடியில் வைத்தோம்.

அந்த நாட்களில் நான் அபரிக்கிரகம் என்ற விஷயத்தைப் பற்றி ஒரு வியாசம் எழுதும் எண்ணத்தில் இருந்தேன் என்பதை இங்கே சொல்லாவிட்டால் கதை நியாயமாக இராது. பிறருடைய பொருளை விரும்பாமை, உடைமை சேர்க்காமை என்று பலவிதமாக அர்த்தம் சொல்லப்படும் இந்தச் சொல்லைப் பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களுள் கடைசியாக வைத்தார். ஜைனர்களோ அதை மகாவிரதங்கள் ஐந்தில் ஒன்றாகவே ஆக்கினார்கள். ஆனால் ஜைன ஆசாரியர்கள் உலகம் தெரிந்தவர்கள். முனிவர் எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டும் என்று விதித்தவர்கள், இல்லறத்தானைப் பார்த்து அவ்வாறு சொல்லவில்லை. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கால்நடை, பாத்திரம், துணி என்று ஒவ்வொன்றிலும் உனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீயே முன்கூட்டி வரையறுத்துக்கொள், வரையறுத்த பின்பு அந்த எல்லையைத் தாண்டாதே என்றார்கள். பரிக்கிரக பரிமாணம் என்று இதற்குப் பெயர். இன்ன திசையில் இவ்வளவு தூரத்துக்குமேல் பிரயாணம் செய்யமாட்டேன் என்று எல்லை கட்டிக்கொள்ளும் திக்விரதம் என்று ஒன்றும் கிருஹஸ்தர்களுக்கு உண்டு. மனத்தால் வகுக்கவேண்டிய பரிமாணத்தை எங்களுக்குத் தகட்டினால் வகுத்துக் கொடுத்திருந்தார்கள் என்று அன்றிரவு டிக்கியை மூடும்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

விழுப்புரம் கடந்து, உளுந்தூர்ப்பேட்டையும் கடந்து, பெரம்பலூருக்கு இன்னும் வெகுதூரம் இருக்கையில் பின்சக்கரம் ஒன்று பஞ்சராயிற்று. அந்த வண்டியில் ஸ்டெப்னி இருப்பது டிக்கியின் அடித்தளத்துக்குக் கீழே, ஒரு விரிப்பின் மறைவில். ஆகவே அதை எடுக்கவேண்டுமானால், ஒரு மணி நேரம் பாடுபட்டு நான் அடுக்கியவை அத்தனையையும் நடுப்பகல் வெயிலில் தெருவில் இறக்கியாக வேண்டும். சாலையோரத்துப் புளியமரத்தடியில் பாயை விரித்து, என் தாயாரை உட்காரவைத்து, சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். வீட்டுக் கூடத்தில் இருந்தபோது அவசியமாகத் தோன்றிய பொருள்கள், புழுதியில் வரிசையாக உட்கார்ந்தவுடன் ஏலத்துக்கு வந்தவைபோல் நாணிக்கொண்டு நின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் பக்கத்தில் வந்து எங்களையும் அவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "வீடு மாத்திப் போறீங்களா சார்?" என்று கேட்டான்.

நான் ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, குழந்தைக்குத் தாகம், தாயாருக்கு மாத்திரை வேளை என்று பைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. அப்போதுதான் யார் பையில் என்ன இருக்கிறது என்பதை நான் முதல்முறையாகக் கவனித்தேன். என் தாயாரின் மஞ்சள் பையில் அவருடையது என்று சொல்ல ஒரு மாற்றுப் புடவையும் விபூதிச் சம்புடமுந்தான் இருந்தன. மற்றதெல்லாம் குழந்தைகளுக்கு ஓமத்திரவம், மருமகளின் இடுப்புவலிக்கு வெந்நீர்ப் பை, எனக்குத் தலைவலித் தைலம். என் மனைவியின் பையில் பாதிக்குமேல் மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரைகளும் குழந்தைகளின் உடைமைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. வாளியுங்கூட, வெளியூரில் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்காகவே வந்தது. தனக்கென்று மாத்திரம் ஒருவன் கொண்டுவந்த சாமான் என்று பார்த்தால், இரண்டாவது சூட்கேஸின் அடிப்பகுதியைக் கல்லாகக் கனக்கச் செய்துகொண்டிருந்த என் புத்தகங்கள் ஆறுதான் தேறின. அவற்றில் மிகவும் தடித்தது, அபரிக்கிரகத்தைப் பற்றி நான் படிக்கவேண்டும் என்று எடுத்துவந்த தத்துவார்த்த சூத்திர உரை. பிரயாணம் முடியும்வரை அதை நான் பிரிக்கவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜைன சூத்திர நூலை இயற்றிய உமாஸ்வாதி அதில் பரிக்கிரகம் என்பதற்குக் கொடுத்திருக்கும் இலக்கணம் ஒரே சொல்தான்: மூர்ச்சை. தமிழில் நாம் நினைவிழந்து விழுவதைக் குறிக்க வழங்கும் அதே சொல். பொருள் கையில் இருப்பதன்று பரிக்கிரகம். அந்தப் பொருளின்மேல் அறிவு மயங்கிக் கிடப்பதே பரிக்கிரகம் என்பது கருத்து. இது ஆழமான இலக்கணம், அபாயமானதுங்கூட. எனக்கு மூர்ச்சை இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அரண்மனையிலும் வாழலாம் அல்லவா? முனிவர் உடுக்கும் துணியில் மூர்ச்சை இல்லையாகையால் அது உடைமையாகாது என்று சுவேதாம்பரர்களும், துணியே உடைமைதான், வேறு பேச்சில்லை என்று திகம்பரர்களும் பிரிந்து நின்று நூற்றாண்டுக் கணக்காக வாதம் செய்திருக்கிறார்கள். ஒரு பெரிய மதத்தின் இரு கிளைகளுக்கு நடுவே ஒரு முழத் துணி கிடக்கிறது என்றால், எங்கள் வாளியைப் பற்றி நாங்கள் மூன்று தடவை தர்க்கம் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னைத் தொந்தரவு செய்த கேள்வி வேறு. தனக்காகச் சேர்ப்பது பற்று என்பது சரி. பிறருக்காகச் சுமப்பதும் பற்றுதானா? இதற்கு விடை தேடினால் என் நினைவு சூத்திரங்களுக்குப் போகவில்லை, வால்மீகியின் அயோத்தியா காண்டத்துக்குப் போயிற்று. இராமன் காட்டுக்குப் புறப்படும்போது சேனையும் பொக்கிஷமும் அவனோடு போகட்டும் என்று தசரதன் ஆக்ஞை செய்கிறான். யானையையே தானம் செய்துவிட்டவன் அதைக் கட்டும் கயிற்றுக்காக ஏங்குவானா என்ற பொருள்பட இராமன் அதை மறுத்துவிட்டு, தனக்கு மரவுரியும், மண்வெட்டியும் கூடையும் இருந்தால் போதும் என்கிறான். இந்த இடத்தை உபந்நியாசகர்கள் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். ஆனால் சற்றுத் தள்ளி வருகிற ஒரு சிறு சம்பவத்தில் யாரும் அதிகம் நிற்பதில்லை. அதே தசரதன், பொக்கிஷ அதிகாரியை அழைத்து, பதினான்கு வருஷத்துக்கு வேண்டியது எவ்வளவு என்று கணக்கிட்டு, சீதைக்கு வஸ்திரங்களும் ஆபரணங்களும் எடுத்துவரச் சொல்லுகிறான். மூட்டை கட்டியாகிறது, ஆயுதங்களோடும் கவசங்களோடும் அதுவும் தேரில் ஏறுகிறது. தன்னைப் பொறுத்தவரை கயிற்றையும் வேண்டாம் என்றவன், மனைவிக்காகத் தகப்பன் கட்டிய இந்த மூட்டையைத் தடுத்ததாகக் கவி சொல்லவில்லை.

அதனால் அன்புக்காகச் சுமப்பது பற்றாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமென்று பார்த்தால், அதற்கும் வால்மீகி இடம் கொடுக்கவில்லை. மருமகளுக்குப் பதினான்கு வருஷத்துப் புடவையை எண்ணிக் கொடுத்த அந்த மனிதனுக்கு மிஞ்சியிருந்த ஆயுள் ஒரு வாரங்கூட இல்லை. இராமன் பிரிந்த ஆறாவது இரவில் அவன் உயிர் போயிற்று. மூர்ச்சை என்ற சொல்லுக்கு அவனைவிடப் பொருத்தமான உதாரண புருஷன் கிடையாது. ஆயினும் அந்தக் கணக்கை அவன் போட்டிருக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. புத்தகத்தைச் சுமந்த எனக்கும் வாளியைச் சுமந்த என் தாயாருக்கும் இருப்பது ஒரே வியாதிதான் என்று சாஸ்திரம் சொல்லுமானால் சொல்லட்டும். புளியமரத்தடியில் பார்த்தபோது அவை எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

சக்கரத்தை மாற்றிவிட்டுச் சாமான்களைத் திரும்ப ஏற்றினால் பழையபடி அடங்கவில்லை. ஏன் அடங்குவதில்லை என்பது எந்தக் கணித சாஸ்திரத்துக்கும் எட்டாத விஷயம். முடிவில் என் புத்தகங்கள் ஆறும் சூட்கேஸிலிருந்து வெளியேறி, மிச்ச தூரம் முழுவதும் என் மனைவியின் மடியில் பிரயாணம் செய்தன.

மறுநாள் காலையில் புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசலுக்குப் போனோம். குகைக் கோயிலில் தாமரைத் தடாகச் சித்திரத்தைக் குழந்தைகள் பார்த்து முடித்தபின், அவர்களை அழைத்துக்கொண்டு குன்றின்மேல் இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறினேன். முழங்கால் வலியினால் என் தாயார் வரவில்லை. மரநிழலில் நிறுத்திய காரிலேயே, இரண்டு தலையணையில் ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலே, மலை முகட்டின் அடியில் சரிந்து செல்லும் குகைத் தரையில், ஜைன முனிவர்கள் படுத்த பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தின நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் தமிழ்ப் பிராமிச் சாஸனம் ஒன்று அங்கே காணப்படுகிறது. படுக்கைகள் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தன. தலைமாட்டில் கல்லையே சிறிது உயர்த்தித் தலையணையாகச் செதுக்கியிருந்தார்கள். என் பெண் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஜில்லென்று இருக்கிறது என்றாள். அந்த முனிவர்களுக்கு ஸ்டெப்னியைத் தேடி இறக்கவேண்டிய சாமான் எதுவுமில்லை. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டோம்.

"மேல என்னப்பா இருந்துது?" என்று என் தாயார் கேட்டார்.

முனிவர்கள் படுத்த இடம் என்றும், கல்லிலேயே படுக்கை, கல்லிலேயே தலையணை என்றும் சொன்னேன். சிறிது நேரம் குன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்கழிப் பனிக்கு என்னத்தப் போத்திக்கிட்டாங்களாம்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை எடுத்துத் தட்டி, தூக்கத்தில் சாய்ந்துகொண்டிருந்த என் பையனின் தலைக்கடியில் வைத்தார்.