அதிகாரமும் பிரசையும்

அரசாங்கத்துக்கு அதிகாரம் வேண்டியதே. அஃதின்றேல் வலியவன் எளியவனை விழுங்குவான். ஆயின், அவ்வதிகாரத்துக்கு எல்லை யாது?

1937ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் தோட்டத் தொழிலாளருக்காக மேடையேறிப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றை ஆதாரமாகக் கொண்டு, அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அவ்வதிகாரம் நெருக்கடிக் காலத்துக்கே உரியது, அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை எனக் கூறி, உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவைச் செல்லாததாக்கியது. அந்நிய ஆட்சியிலும் ஆள்வோன் நீதிமன்றுக்கு விடைகூற வேண்டியிருந்தது.

சுதந்திர இலங்கையில் நடந்தது என்ன? 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கு மட்டுமெனக் கொண்டுவரப்பட்டது. வழக்கின்றி ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க அது அமைச்சருக்கு அதிகாரமளித்தது. அக்கட்டளையை எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றும் விதித்தது. 1982இல் காலவரையறை நீக்கப்பட்டது.

பாதுகாப்புக்காக உரிமையைச் சற்றே விட்டுக்கொடுக்கலாம் என்பார் உளர். அவர்கள் விட்டுக்கொடுப்பது தமது உரிமையையா? சிறையில் வாடும் பிறரது உரிமையை அல்லவா!

அதிகாரத்துக்குக் காலவரையறை வேண்டும். அதைக் கேள்வி கேட்க மன்றம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடத்து, ஆள்வோரின் நல்ல மனத்தை நம்பியே பிரசை வாழ நேரும். அது அடிமையின் வாழ்வு.